ரெஜினா சின்னப் பொட்டலம் உப்பு வாங்கினாள்

1

நான் இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் முடிந்ததை மில்லில் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். கேக்கில் என் பெயரை எழுதியவர் இரண்டு எழுத்தைக் கூட்டி ஓர் எழுத்தைக் குறைத்திருந்தார். மூன்று வருடமாக என் அடையாள அட்டையிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயர்க்காரன் யாரோ நல்ல உழைப்பாளி போலிருக்கிறது. அவன் சம்பளத்தை நான் வாங்கித் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஊரின் பெயர் முவான்சா. தான்சானியா நாட்டில், விக்டோரியா ஏரியின் தென்கரை. ஏரி என்றதும் நம்மூர்க் கண்மாய் மாதிரி ஒரு கரையும் நாலு ஆடும் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்க்கரை வேறு நாட்டில் இருக்கிறது. "ஆப்பிரிக்கால எந்தப் பக்கம் மாப்ள, துபாய்க்குப் பக்கத்துலயா?" என்று என் மைத்துனர் ஒவ்வொரு முறை போன் பேசும்போதும் கேட்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் "ஆமா, செத்த தள்ளி" என்று சொல்லிவிடுகிறேன். போன் காசு அவருடையது இல்லை.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தவன் நான். மூன்று ஷிப்ட் இரண்டாகி, இரண்டு ஒன்றான காலத்தில், ஆப்பிரிக்காவில் மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவர் வந்தார். கொடைரோட்டில் ரயில் ஏறினேன். இங்கே வந்து பார்த்தால் அதே மெஷின், அதே சத்தம். பஞ்சு எந்தக் கண்டத்தில் விளைந்தாலும் மூக்கில் போவது ஒரே அளவுதான்.

கேக் வெட்டிய அதே வாரம் என் மனைவி ரெஜினாவும் எங்கள் மகள் பிரின்சியும் வந்து இறங்கினார்கள். கோடை லீவு. பிரின்சி எட்டாவது முடித்திருந்தாள். ரெஜினா கிளம்புவதற்கு முன்பே போனில் சட்டம் போட்டுவிட்டாள்.

"லீவு முடியுறவரைக்கும் இருந்து பாப்பேன். சரிப்பட்டா இருக்கேன். சரிப்படலைன்னா பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் வந்துருவோம். அப்புறம் நீங்க அழுதாலும் சரி, செபமாலை உருட்டுனாலும் சரி."

நான் அழவில்லை. ஆனால் மூன்று வருடம் தனியாகச் சமைத்துத் தின்றவனுக்கு இதில் எவ்வளவு இருக்கிறது என்பது என் ரசத்தைக் குடித்தவர்களுக்குப் புரியும். இதுவரை அதைக் குடித்தவன் நான் ஒருவன்தான்.

விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் சுங்க அதிகாரி ரெஜினாவின் அட்டைப்பெட்டியைப் பிரித்து, கறுப்பாக உருண்டையாக ஒன்றை வெளியே எடுத்தார். அழுத்தினார். முகர்ந்தார். இன்னோர் அதிகாரியைக் கூப்பிட்டார். அது நத்தத்திலிருந்து வந்த புளி. கொட்டை எடுத்து உப்புப் போட்டு உருட்டியது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை, படம் மட்டும் ஓடியது. ரெஜினா ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொரு துண்டை அதிகாரியிடம் நீட்டினாள். அவர் பின்வாங்கினார். அவள் நீட்டிய கையை இறக்கவில்லை. அவர் வாங்கி வாயில் போட்டார். ஒரு கண் மூடியது, தோள் இரண்டும் காதுக்கு ஏறின. பிறகு சிரித்தபடி பெட்டியை அவரே கட்டிக் கொடுத்தார்.

2

எங்கள் வீடு ஒரு பாறை மேட்டில் இருக்கிறது. இந்த ஊரே பாறையால் ஆனது. யானை யானையாகப் பாறைகள், அவற்றின் இடுக்கில் வீடுகள். ஏரி கண்ணுக்கு எதிரே நிரம்பி வழிகிறது, குழாயில் மட்டும் தண்ணீர் நினைத்தால் வரும். இதைச் சொல்ல நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, ரெஜினா முதல் நாளே குழாயைத் திறந்து, அது இருமியதைக் கேட்டு, "அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கே" என்றாள். திண்டுக்கல்லில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் பிடித்து வளர்ந்த பெண்ணை எந்தக் குழாயும் பயமுறுத்த முடியாது. மறுநாள் தண்ணீர் வந்தபோது குடம், அண்டா, குக்கர், டம்ளர், என் சவரக் கிண்ணம் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். அன்று நான் சவரம் செய்யாமல் மில்லுக்குப் போனேன்.

அவளுடைய சங்கடம் தண்ணீர் இல்லை. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் ரெஜினா ஒரு ஆள். யார் வீட்டில் சம்பந்தம் பேசினாலும், யாருக்கு ரேஷன் கார்டில் பெயர் விட்டுப் போனாலும், "ரெஜினாக்காட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்" என்பார்கள். காய்க்காரர் தள்ளுவண்டியை முதலில் எங்கள் வாசலில்தான் நிறுத்துவார். இங்கே காலையில் நானும் பிறகு பிரின்சியும் வெளியே போய்விட்டால், அவளிடம் ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை. பிரின்சி பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

அவள் இருப்பாளா போவாளா என்று நேராகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே அவள் வாங்கும் சாமான்களைப் பார்த்துக் குறி சொல்ல ஆரம்பித்தேன். முதல் தடவை கடைக்குப் போனபோது உப்பில் பெரிய பொட்டலமும் இருந்தது, சின்னப் பொட்டலமும் இருந்தது. ரெஜினா சின்னதை எடுத்தாள். கெட்ட சகுனம். விளக்குமாறு வாங்கினாள், கொஞ்சம் தெம்பு வந்தது. தேங்காய்த் துருவி வேண்டாம், "கத்தியாலயே கீறிக்கிறேன்" என்றாள், தெம்பு போனது. சோப்பில் மூன்று சேர்ந்த கட்டு மலிவாக இருந்தது. அதைக் கையில் எடுத்தாள், யோசித்தாள், வைத்தாள், ஒன்றை எடுத்தாள். வெளியில் வந்ததும் "ஏன் இப்புடி வேர்க்குது ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

3

இந்த ஊர் மார்க்கெட்டில் காய்களை எடை போட்டு விற்பது குறைவு. நம்மூர்க் கூறு மாதிரி கும்பம் கும்பமாக அடுக்கி வைத்திருப்பார்கள். தக்காளி நாலு கீழே, ஒன்று மேலே, கோபுரம் மாதிரி. ஒரு கும்பத்துக்கு ஒரு விலை. விலை கேட்பதற்கு முன்னால் நலம் விசாரிக்க வேண்டும். காலை எப்படி இருக்கிறது, வீடு எப்படி, வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி. கத்தரிக்காய் எவ்வளவு என்று கேட்பதற்குள் நமக்கு ஒரு சொந்தக்காரர் கிடைத்துவிடுவார். மூன்று வருடத்தில் நான் இந்த மொழியில் கற்றது இந்த விசாரிப்பை மட்டும்தான். வயதில் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் தனியாக ஒன்று உண்டு. அதை ஒரு நாள் ஒரு குழந்தைக்குச் சொல்லிவிட்டேன். குழந்தை பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டது.

பெண்களை எல்லாம் 'மாமா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து. "பொம்பளையப் போயி மாமாங்கிறாங்களே, கொடுமையே" என்று ரெஜினா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் வழக்கமாகக் காய் வாங்குபவர் மாமா நேமா. நேமா அவருடைய மூத்த மகள். நல்ல உயரம், நல்ல குரல். அவர் தும்மினால் படகுத்துறையில் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் வீடு, வேலை என்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வரை வந்திருந்தேன். பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். 'டக்', 'டக்'. திரும்பினால் ரெஜினா வெண்டைக்காய்க் கும்பத்தின் முன்னால் குனிந்து, ஒவ்வொரு காயாக நுனியை ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒடிந்தது பிஞ்சு, ஒடியாதது முற்றல். நம் ஊரில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் கண்ணை மூடினாலும் கை செய்யும் காரியம். மூன்று கும்பத்தைக் கலைத்துப் பிஞ்சு ஒரு பக்கம், முற்றல் ஒரு பக்கம் என்று பிரித்திருந்தாள்.

மாமா நேமா எழுந்து நின்றார். பேச ஆரம்பித்தார். எனக்குப் பத்தில் ஒரு வார்த்தை புரிந்தது, அதுவே அதிகம். ஒடித்த காயை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். தலை போன காயை யார் வாங்குவார்கள் என்று கேட்கிறார். கூட்டம், யாரும் வாங்க மாட்டார்கள் என்று சந்தோஷமாகச் சொல்கிறது.

"என்னவாம்?" என்றாள் ரெஜினா.

"காய ஒடச்சிட்டியாம்."

"ஒடைக்காம எப்புடி வாங்குறதாம்? கண்ண மூடிக்கிட்டு வாங்குறதுக்கு இது என்ன லாட்டரிச் சீட்டா?"

"இங்க அப்புடிப் பழக்கமில்ல ரெஜினா. கும்பத்த அப்புடியே எடுத்துக்கணும்."

"முத்தல வச்சு என்ன செய்ய? கதவுக்கு முட்டுக் குடுக்கவா? அந்தம்மாட்ட சொல்லுங்க, நான் பாத்துக் குடுத்தது அவங்களுக்கு நல்லதுதான். வேல மிச்சம்."

அதை மொழிபெயர்க்க என் படிப்பு போதாது. "மன்னிச்சிருங்க" என்பதற்கு மட்டும் வார்த்தை தெரியும். அதையே ஏழெட்டு விதமாகச் சொன்னேன். கடைசியில் ஒடித்தது, ஒடிக்காதது எல்லாக் கும்பத்தையும் நாங்களே வாங்கிக்கொண்டோம். ஒரு வாரம் வெண்டைக்காய் வெஞ்சனம். வெண்டைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, வெண்டைக்காய் மோர்க்குழம்பு. பிரின்சி ஒரு நாள் சாப்பாட்டுக்கு முந்திய செபத்தில், "இன்னைக்காவது வேற ஏதாவது குடும் ஆண்டவரே" என்று சத்தமாகவே சேர்த்துக்கொண்டாள்.

ரெஜினா சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல என்னைய ஒருத்தி இப்புடிப் பேசியிருப்பாளா? இனிமே அந்தப் பக்கம் கால வைக்க மாட்டேன்" என்றாள். பிறகு மெதுவாக, "பள்ளிக்கூடம் எப்பத் தெறக்குதுன்னு அக்காவுக்குப் போன் போட்டுக் கேக்கணும்" என்றாள்.

4

ஆகவே நான் அவளுக்கு ஊரைச் சுற்றிக்காட்டத் தொடங்கினேன். காய்கறி கைவிட்டால் காட்சியாவது காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை.

இந்த ஊரின் பெருமை, ஏரிக்குள் கரையோரமாக நிற்கும் ஒரு பாறை. ஒரு ஜெர்மன்காரர் பெயர் அதற்கு. பாறைகளின் மேல் இன்னொரு பாறை, இப்போது விழுமோ அப்புறம் விழுமோ என்று நிற்கும். வெள்ளைக்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். நான் ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரையும் அழைத்துப் போய், ஒன்றும் சொல்லாமல், கையை மட்டும் நீட்டினேன்.

ரெஜினா பார்த்தாள். "ம். வேற?"

"இதுதான்."

"பாறைதான?"

"பாறைதான்."

"ஏங்க, எங்க வீட்டு மொட்ட மாடியில துணி காயப்போடப் போனா மலைக்கோட்டை மொத்தமும் தெரியும். அம்புட்டுப் பெரிய பாறைய விட்டுட்டு, இம்புட்டூண்டு பாறையப் பாக்கவா நான் பாஸ்போட்டு எடுத்தேன்?"

பிரின்சிக்குப் பாறையைவிடக் கரையில் நின்ற பறவைகள் பிடித்திருந்தன. இந்த ஊரில் ஒரு பெரிய நாரை இனம் உண்டு. ஆள் உயரம், வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை, கறுப்புக் கோட்டு. மீன் கழிவுக்காகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் நிற்கும். "ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர்ஸ்" என்றாள் பிரின்சி. அதில் ஒன்று எங்களைப் பார்த்த பார்வையில், நானே என் வீட்டுப்பாடத்தைத் தேடினேன்.

அடுத்த ஞாயிறு படகில் ஏறி ஒரு தீவுக்குப் போனோம். அங்கே கூண்டுக்குள் ஒரு கழுதைப்புலி தூங்கிக்கொண்டிருந்தது. "நம்ம பஸ் ஸ்டாண்டு நாயி இதவிட வெறப்பா இருக்கும்" என்றாள் ரெஜினா. தலை சிவப்பும் உடம்பு நீலமுமாகப் பாறையில் ஓடிய ஓணான் மட்டும்தான் அவளிடம் பாஸ் ஆனது. "திருவிழா சீரியல் பல்பு மாதிரி இருக்கு" என்றாள். நான் அந்த ஓணானுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

இதற்கு நடுவில் அவர்கள் இருவருக்கும் தங்கும் அனுமதியை நீட்டிக்க அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. போட்டோவின் பின்னணி நீலமாக இருக்க வேண்டும் என்றார்கள். என்னுடையது வெளிர்நீலம். மறுநாள் சரியான நீலத்தோடு போனேன். கவுண்டரில் இருந்த அதிகாரி மிகவும் மரியாதையாக வீடு எப்படி, வேலை எப்படி என்று விசாரித்துவிட்டு, "உங்கள் மனைவி திரும்பிப் போகிறாரா, இங்கேயே தங்குகிறாரா?" என்று கேட்டார்.

"எனக்கும் அது தெரிய வேண்டும் ஐயா" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கும் கல்யாணமாகியிருக்க வேண்டும். "கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்.

5

ரெஜினா மார்க்கெட்டுக்கு வராததால் நானும் பிரின்சியும் போனோம். நான் காய் வாங்கும் திறமையைப் பற்றி ரெஜினாவுக்கு எப்போதும் ஒரே கருத்துதான். "ஒங்களுக்குன்னு ஒளிச்சு வச்சிருப்பாங்க போல" என்பாள். நான் கொண்டுவந்த கத்தரிக்காயை வெட்டினால் உள்ளிருந்து யாராவது வெளியே வந்தார்கள்.

பிரின்சியோ, மார்க்கெட்டில் என்னை ஓரமாக நிறுத்திவிட்டு அவளே பேச ஆரம்பித்துவிட்டாள். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் மூன்று வருடமாகத் தடவிக்கொண்டிருக்கும் மொழி அவள் வாயில் வெல்லம் மாதிரி கரைந்தது. வீட்டிலும் அதே. "பிரின்சி, தட்டக் கழுவு" என்றால் "ஹபானா" என்றாள். மாட்டேன் என்று அர்த்தம். ரெஜினாவுக்கு அர்த்தம் சொல்லத் தேவைப்படவில்லை, தொனியே போதுமானதாக இருந்தது.

"பாத்தீங்களா? ஒரு மாசத்துல இப்புடி. நாலு வருசம் இருந்தா அம்மா யாருன்னு கேப்பா. இதுக்குத்தான் நான் யோசிக்கிறேன்."

பதில் சொல்லவேண்டியவள் பக்கத்து வீட்டுக்கு ஓடியிருந்தாள்.

ஆனால் ரெஜினாவை மறுபடி மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனதும் அதே பிரின்சிதான். ஒரு சனிக்கிழமை கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ம்மா, ஒரு விஷயம் தெரியுமா? மாமா நேமா இப்ப வெண்டைக்காயப் பிரிச்சுத்தான் விக்கிறாங்க. பிஞ்சு தனிக் கும்பம். ஒண்ணு ஒடச்சு மேல வச்சிருக்காங்க, சாம்பிளுக்கு. மில்லுக் காலனில உள்ள இந்தியாக்காரங்க எல்லாம் அங்கதான் வாங்குறாங்க. வெல கூட."

ரெஜினா முறத்தைக் கீழே வைத்தாள். "என்னது?"

"நீ செஞ்சதுதான்மா. டக்கு டக்குன்னு."

"ஊரக் கூட்டி என்னைய அந்தப் பேச்சுப் பேசிட்டு, என் வேலையக் கத்துக்கிட்டு, கூட வெல வச்சு விக்கிறாளா அவ? எங்க என் செருப்பு?"

செருப்பு காலில்தான் இருந்தது. நானும் பிரின்சியும் பின்னால் ஓடினோம். வழியில் நான் மனதுக்குள் 'மன்னிச்சிருங்க' என்பதை வேகமாகச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன்.

ரெஜினா மாமா நேமாவின் முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்து, சுத்தத் திண்டுக்கல் தமிழில் கேட்டாள். "ஏம்மா, இது ஒனக்கே நல்லா இருக்கா?"

மாமா நேமா அவளைப் பார்த்தார். பிஞ்சுக் கும்பத்தைப் பார்த்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த கடைக்காரியைக் கூப்பிட்டு, ரெஜினாவைக் காட்டி, விரலால் காற்றில் 'டக்' என்று ஒடித்துக் காட்டினார். அடுத்த கடைக்காரி அதற்கடுத்த கடைக்காரிக்குக் காட்டினாள். ஒரு வரிசையே ரெஜினாவைப் பார்த்துக் காற்றில் வெண்டைக்காய் ஒடித்தது.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் ரெஜினா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பிரின்சி கேட்டுச் சொன்னாள். "ஒன்னத்தான் ரொம்ப நாளாத் தேடுனாங்களாம். ஏன் வரலைன்னு கேக்குறாங்க. ஒனக்கு ஒடம்பு சரியில்லையான்னு என்கிட்ட வாராவாரம் கேட்டாங்க, நான்தான் சொல்ல மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? எரும."

மாமா நேமா ஒரு பிஞ்சுக் கும்பத்தைக் கூடையில் போட்டார். ரெஜினா கையை நீட்டினாள். நீட்டியபடியே நின்றாள். கொசுறு. இதற்கு எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. இன்னும் நாலு காய் விழுந்தது. கை அப்படியே நின்றது. இரண்டு பச்சை மிளகாய். கை நின்றது. மாமா நேமா பெரிதாக மூச்சு விட்டு, ஒரு கட்டுக் கீரையை வைத்து, அந்தக் கையைப் பிடித்து மடக்கினார். பேரம் ஜோராக நடந்தது என்று எனக்குப் பட்டது.

திரும்பும் வழியில், ஒரு கிழவர் சாக்கை விரித்துப் புளியம்பழம் விற்றுக்கொண்டிருந்தார். ஓடு கழற்றாத, நீளமான, நம்மூர்ப் புளியேதான். பக்கத்தில் மரமே நின்றது. ரெஜினா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடல் தாண்டிப் புளி சுமந்து வந்தவள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. நான் வாயைத் திறக்கப் போனேன்.

"ஒரு வார்த்த பேசுனீங்க, அம்புட்டுத்தான்" என்றாள்.

6

அதற்குப் பிறகு அவள் தினமும் மார்க்கெட்டுக்குப் போனாள். ஆனால் என் குறி சொல்லும் தொழில் தேறவில்லை. தினமும் போகிறவள் தினமும் கொஞ்சமாகத்தானே வாங்குவாள்? உப்பு தீர்ந்தது. மறுபடியும் சின்னப் பொட்டலம் வந்தது.

ஒரு நாள் மதியம் மில்லில் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். வடநாட்டுக்காரர், நல்ல மனிதர், எதையும் சுற்றி வளைத்துத்தான் பேசுவார். சம்பளம் போதுமா என்று கேட்டார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். நான் விழித்தேன். கடைசியில், "என் மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அங்கே உங்கள் மனைவி காய் விற்றுக்கொண்டிருந்தார்கள்" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். உண்மைதான். மாமா நேமாவின் பெட்டி மேல் ரெஜினா உட்கார்ந்திருந்தாள். தலையில் வெயிலுக்கு ஒரு பூப்போட்ட துணி. எதிரில் ஓர் இந்தியப் பெண், ஊருக்குப் புதுசு போல, கும்பத்தில் கையை விட்டுக் கலைக்கப் பார்த்தாள். ரெஜினா அந்தக் கையைச் செல்லமாகத் தட்டினாள். "நோ, நோ. திஸ் பிஞ்சு. ஆல் பிஞ்சு. நான் பாத்தாச்சு" என்றாள். அந்தப் பெண் பயந்துபோய் இரண்டு கும்பம் வாங்கிக்கொண்டு போனாள்.

"ரெஜினா, என்ன இது?"

"நேமா கிளினிக்குக்குப் போயிருக்காங்க, மகளுக்குக் காச்சல். செத்த நேரம் பாத்துக்கன்னு கைய காட்டிட்டுப் போனாங்க. பாத்துக்கிட்டிருக்கேன்."

"மேனேஜர் சம்சாரம் பாத்துட்டாங்களாம்."

"பாத்தாங்க. ஒரு கும்பம் தக்காளி வாங்கிட்டுப் போனாங்க. கொசுறு கேட்டாங்க, குடுக்கல."

"எனக்கு மானம் போகுது ரெஜினா."

"எது, அந்தக் கேக்குல எழுதுன பேருக்கா? நில்லுங்க, வந்ததுக்கு அந்த வெங்காய மூட்டைய இப்புடி இழுத்துப் போட்டுட்டுப் போங்க."

இழுத்துப் போட்டேன். அந்த வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் அவளை மாமா பிரின்சி, மாமா பிரின்சி என்று கூப்பிட்டு ஏதோ கேட்டார்கள். அவளும் ஏதோ சொன்னாள். என்ன மொழியென்று எனக்கு விளங்கவில்லை. அவர்களுக்கு விளங்கியது. எங்கள் தெருவில் நடந்து போகும்போது அவள் முகத்தில் இருக்கும் ஒரு நிமிர்வு உண்டு. அது கொஞ்சம் தெரிந்தது போல இருந்தது. ஆனால் நான் ஆசைப்பட்டுப் பார்ப்பவன். என் கண்ணை நம்ப முடியாது.

7

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியது. திரும்பிப் போவதாக இருந்தால் விமான டிக்கெட்டை உறுதி செய்ய மறுநாள்தான் கடைசி. ரெஜினா அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பிரின்சி மட்டும் வாயை மூடவில்லை, ஆனால் அது எங்களுக்குப் புரியாத மொழி.

அன்று மில்லிலிருந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. அலமாரிக்கு மேலே இருந்த பெரிய சூட்கேஸ் கட்டிலில் கிடந்தது. மூடி திறந்து, சுவரில் சாய்ந்திருந்தது.

வாசலிலேயே நின்றுவிட்டேன். கேட்கவேண்டிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றினேன். ஒன்றைத்தான் கழற்றினேன் என்பது பிறகுதான் தெரிந்தது. எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று யோசித்தேன். சிரித்த முகமாக, 'நல்லதும்மா, பிள்ளை படிப்புத்தான் முக்கியம்' என்று சொல்லவேண்டும். 'நல்லதும்மா' வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை.

அப்போதுதான் வாடை வந்தது. அடித்தது என்று சொல்லவேண்டும். பழைய ஞாபகத்துக்கெல்லாம் போகாமல் நேராக மூக்கில் குத்தும் வாடை.

கிட்டப் போய்ப் பார்த்தேன். சூட்கேசுக்குள் துணி இல்லை. விளிம்பு வரை கருவாடு. இந்த ஏரியில் நெத்திலி மாதிரி வெள்ளி நிறத்தில் ஒரு பொடி மீன் உண்டு. பாறைகளில் பரப்பி, வெயிலில் காயவைத்து, தகரத் தகரமாக அளந்து விற்பார்கள். அது அப்படியே சூட்கேஸ் கொள்ளும் மட்டும் கொட்டி நிரவப்பட்டிருந்தது. துணிகளை அழுத்திக் கட்டும் பட்டை, கருவாட்டின் மேல் ஒழுங்காக மாட்டப்பட்டிருந்தது.

ரெஜினா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"வந்துட்டீங்களா? நேமாகூட மீன் சந்தைக்குப் போனேன். இப்பத்தான் நல்லாக் காஞ்சு வருதாம், அடுத்து மழை புடிச்சா வெல ஏறிருமாம். மிளகா, புளியெல்லாம் நம்ம ஊர்ல வருசத்துக்கு வாங்கிப் போடுறதில்லையா, அது மாதிரி வாங்கிட்டேன். வைக்கப் பாத்திரம் இல்ல. டின்னெல்லாம் தண்ணி புடிச்சு வச்சிருக்கு. பக்கத்து வீட்டுப் பூனை வேற காலையில இருந்து வாசல்லயே ஒக்காந்திருக்கு. இதுக்குத்தான் பூட்டு இருக்கு."

"நாளைக்கு டிக்கெட் ஆபீசு கடைசி நாளு."

"தெரியும்."

"பள்ளிக்கூடம்..."

"டி.சி. வாங்கி அனுப்பச் சொல்லி அக்காட்ட போன வாரமே சொல்லியாச்சு. இங்க நேமா மக படிக்கிற பள்ளிக்கூடத்துல போயிப் பாத்துட்டும் வந்துட்டோம். ஒங்கள்ட்ட சொல்லலையா?"

"இல்ல."

"பிரின்சி சொல்லியிருப்பான்னு நெனச்சேன். அவ என்னத்தச் சொல்றா, எல்லாம் ஹபானாதான்." அவள் ஒரு கருவாட்டை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது. "இந்தப் பெட்டிய இனிமே எவன் ப்ளேன்ல ஏத்துவான்?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடம் இதற்காகச் சேர்த்து வைத்த நல்ல வாக்கியங்கள் நாலைந்து என்னிடம் இருந்தன. ஒரு காலில் செருப்போடு, கருவாட்டின் மேல் குனிந்து, மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கருவாட்டு வாடைக்கு அப்படி வரும்.

"என்னத்த மோந்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் ரெஜினா. "பூனை உள்ள வருது பாருங்க. மூடுங்க பெட்டிய."